‘ரீஸ்ட்ரக்சரிங்’ என்று வங்கியிலிருந்து மெயில் வந்தால்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. “அத்தை, எங்க பேங்க்ல ரீஸ்ட்ரக்சரிங்னு மெயில் வந்திருக்கு. நாலு தடவ படிச்சிட்டேன். என்னா சொல்ல வர்றாங்கன்னே புரியல. வேலை போயிருமா?”

அவள் வேலை செய்வது ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு பெரிய முதலீட்டு வங்கியின் கோலாலம்பூர் அலுவலகத்தில். லண்டனிலும் ஹாங்காங்கிலும் இருப்பவர்கள் வாங்குவார்கள், விற்பார்கள். அவர்கள் போட்ட டிரேடுகளைச் சரிபார்த்து, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று பார்ப்பவர்கள் பங்சார் சவுத்திலோ புக்கிட் ஜாலிலிலோ உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி ஒரு வங்கியின் செட்டில்மென்ட் பிரிவில் 19 வருடம் இருந்தவள். இரண்டு ரீஸ்ட்ரக்சரிங்குகளை, அதாவது சீரமைப்புகளைப் பார்த்துவிட்டேன். இரண்டாவதில் என் வேலையும் போனது.

மறுநாள் அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வரச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துத் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கும் நேரம் வரை ஓடியது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர்.

முதலில், முதலீட்டு வங்கி என்றால் என்ன?

நம் சம்பளம் போய் விழும் வங்கி வேறு, இது வேறு. ஒரு நிறுவனமோ அரசாங்கமோ பெரிய தொகை திரட்ட வேண்டுமென்றால் கடன் பத்திரமோ பங்கோ வெளியிடும். அதைத் தயார் செய்து, விலை வைத்து, வாங்க ஆள் பிடித்துக் கொடுப்பது முதலீட்டு வங்கி. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது ஆலோசனை சொல்வதும் அதுதான். அப்புறம் பங்கு, பத்திரம், நாணயம் எல்லாவற்றையும் வாங்கி விற்கும். பெரிய முதலீட்டாளர்கள் கடனுக்குச் சந்தையில் விளையாட விரும்பினால் அந்தக் கடனையும் கொடுக்கும். மலேசியாவில் இந்த வேலைகள் முன்பு மெர்சன்ட் வங்கி, டிஸ்கவுன்ட் ஹவுஸ், பங்குத் தரகு நிறுவனம் என்று பிரிந்து கிடந்தன. 2005-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் பங்குச் சந்தை ஆணையமும் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் அவை இணைந்து ‘முதலீட்டு வங்கி’ என்ற பெயருக்கு வந்தன.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வர்த்தக வங்கியிலோ இஸ்லாமிய வங்கியிலோ நீங்கள் போட்டிருக்கும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிடிஐஎம் (மலேசிய வைப்புக் காப்புறுதி நிறுவனம்) காப்பு உண்டு. முதலீட்டு வங்கிகள் அந்தக் காப்பின் கீழ் வருவதில்லை.

இந்தத் தொழிலின் சுபாவம் புரிய ஓர் எண் போதும். வங்கி 100 ரிங்கிட்டுக்குச் சொத்து வைத்திருக்கிறது என்றால், அதில் அதன் சொந்தப் பணம் ஐந்து ரிங்கிட் இருக்கலாம். மீதி 95 அடுத்தவர் பணம். அந்த ஐந்துக்குப் பெயர்தான் மூலதனம். நூறு ரிங்கிட் சொத்தின் மதிப்பு ஐந்து ரிங்கிட் குறைந்தால் சொந்தப் பணம் முழுக்கப் போய்விடும். ஆறு குறைந்தால் அடுத்தவர் பணத்தில் கைவைக்கிறது.

ஊழல் எங்கிருந்து தொடங்குகிறது?

வங்கி ஊழல் என்றதும் யாரோ பணத்தை அள்ளிக்கொண்டு ஓடியதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படியும் நடந்ததுண்டு. நம் நாட்டுக்காரர்களுக்கு அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியை விளக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்துக்காக 2012, 2013-இல் அமெரிக்காவின் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி மூன்று தவணையாக 6.5 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுக் கொடுத்தது. அதற்கு வாங்கிய கட்டணம் சுமார் 600 மில்லியன் டாலர். இந்த வேலைக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. திரட்டிய பணத்தில் ஒரு பெரிய பகுதி திருடப்பட்டது. அந்த ஒப்பந்தங்களைப் பெறுவதற்காக லஞ்சமும் போயிருந்தது.

இன்னொரு வகை, ஒரே ஆள் மறைப்பது. 2011-இல் லண்டனில் யூபிஎஸ் வங்கியின் குவேகு அடோபோலி என்ற டிரேடர் அனுமதியில்லாத வியாபாரங்களைப் பொய்க் கணக்கில் மறைத்து 2.3 பில்லியன் டாலர் நட்டம் ஏற்படுத்தினார்.

மூன்றாவது வகைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. அதில் வங்கிக்குள் யாரும் திருடவில்லை. யாரும் ‘வேண்டாம்’ என்று உறுதியாகச் சொல்லவும் இல்லை. 2021 மார்ச்சில் ஆர்கெகோஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. ஒரு சில பங்குகளில் அளவுக்கு மீறிக் கடன் வாங்கிப் போட்டிருந்த நிறுவனம் அது. அதற்குக் கடன் வசதி கொடுத்திருந்த கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் 5.5 பில்லியன் டாலர் நட்டம். சரி, அப்படிப்பட்ட வாடிக்கையாளரால் அதற்கு முந்தைய ஆண்டு வங்கிக்குக் கிடைத்த வருமானம் எவ்வளவு? 17.5 மில்லியன் டாலர். அந்த வருமானம் நட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். வங்கியே வெளியாரை வைத்து நடத்திய விசாரணை அறிக்கை இதையெல்லாம் எழுதியிருக்கிறது. எச்சரிக்கை வரம்புகள் இருந்தன. அவை மீறப்பட்டதும் தெரிந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளரைப் பிடித்து வருபவரின் குரலுக்கு இருந்த பலம், வரம்பைக் காப்பவரின் குரலுக்கு இல்லை.

இதைச் சிறிய அளவில் நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை எதிர்த்தரப்பு வங்கியின் கணக்கோடு பொருந்தாத டிரேடு ஒன்று மூன்று நாளாகத் திறந்தே கிடந்தது. மேலே எழுதினேன். “காலாண்டு முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அந்த டிரேடு பிற்பாடு ஒழுங்காகவே முடிந்தது. நட்டம் எதுவுமில்லை. ஆனால் அந்தப் பதில்தான் வங்கியின் உண்மையான நிலை. கட்டடத்தில் விரிசல் விழுந்திருக்கிறது என்று சொல்பவரைக் காத்திருக்கச் சொன்னால், அடுத்த விரிசலை அவர் சொல்வாரா?

ஆக, சீரமைப்பு என்பதை ஆள் குறைப்பு என்று மட்டும் பார்க்காதே என்று அண்ணன் மகளுக்குச் சொன்னேன். ஆள் குறைப்பு அதன் வெளியே தெரியும் பகுதி. உள்ளே சரிசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கணக்கில் தங்கியிருக்கும் கெட்ட சரக்கு. இரண்டு, அந்தச் சரக்கு உள்ளே வரக் கதவைத் திறந்துவிட்ட வழக்கம்.

கெட்ட சரக்கைப் பிரிப்பது

பாசாரில் ஆரஞ்சுக் கூடையில் நாலு பழம் அழுகியிருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? முதலில் அவற்றை எடுத்துத் தனியே வைப்பார். வங்கியும் அதைத்தான் செய்யும். தொடர்ந்து நடத்த விரும்பும் தொழில்களை ஒரு பக்கம் வைத்து, விட்டுவிட விரும்புபவற்றை ஒரு தனிப் பிரிவுக்கு மாற்றும். அந்தத் தனிப் பிரிவுக்குப் பேச்சு வழக்கில் ‘பேட் பேங்க்’ என்று பெயர். வங்கிகள் அந்தப் பெயரை வைக்காது. ‘நான்-கோர் யூனிட்’, ‘கேப்பிட்டல் ரிலீஸ் யூனிட்’ என்றெல்லாம் வைக்கும். உங்கள் மெயிலில் இப்படி ஒரு சொல் இருந்தால் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

“பிடிக்காததை வித்துட்டுப் போக வேண்டியதுதானே, அத்தை? எதுக்கு தனியா ஒரு பிரிவு?” என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. அவசரத்தில் விற்பவனுக்கு விலை கிடைக்காது. சந்தையில் எல்லாருக்கும் நீ விற்றே ஆக வேண்டியவன் என்று தெரிந்துவிட்டால், நூறு மதிப்புள்ளதை அறுபதுக்குக் கேட்பார்கள். அந்த நாற்பது நட்டம் ஏற்கெனவே மெலிந்திருக்கும் மூலதனத்தைத் தின்றுவிடும். அதனால் அவற்றைத் தனியே வைத்து, தவணை முடியும்வரை காத்திருந்து, நல்ல விலை வரும்போது ஒவ்வொன்றாகக் கரைப்பார்கள். நல்ல பிரிவை நடத்துபவர்களும் தினமும் பழைய குப்பையைக் கிளறிக்கொண்டிருக்காமல் முன்னே போகலாம்.

இந்த வேலையை நம் நாடே ஒருமுறை பெரிய அளவில் செய்திருக்கிறது. 1997-98 நிதி நெருக்கடியில் மலேசிய வங்கிகளில் வராக்கடன் குவிந்தது. அதை வாங்கி வசூலிப்பதற்கென்றே 1998-இல் டானாஹார்த்தா என்ற நிறுவனத்தை அரசாங்கம் தொடங்கியது. வங்கிகளுக்கு மூலதனம் போட டானாமோடல் என்று இன்னொன்று. டானாஹார்த்தா கடன்களை அள்ளிக்கொண்டு போனதும் வங்கிகள் மறுபடி கடன் கொடுக்க ஆரம்பித்தன. 2005-இல் அது வேலையை முடித்து மூடிக்கொண்டது. வசூல் சுமார் 58 விழுக்காடு. முழுவதும் வரவில்லைதான். ஆனால் 1998-இன் பீதியில் அதே கடன்களைக் கூறுகட்டி விற்றிருந்தால் அவ்வளவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சுவிட்சர்லாந்திலும் இதே கதை. 2008-இல் யூபிஎஸ் தடுமாறியபோது அந்நாட்டு மத்திய வங்கி ஒரு நிதியம் அமைத்து அதன் கெட்ட சொத்துக்களை ஏற்றுக்கொண்டது. ஐந்து வருடம் கழித்து, 2013-இல், யூபிஎஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது மத்திய வங்கிக்கு லாபமே மிஞ்சியது.

மூலதனம், தலைமை, போனஸ்

பிரித்து வைத்தாயிற்று. நட்டத்தை ஈடுகட்டப் பணம் வேண்டும். பழைய பங்குதாரர்களிடம் கேட்பார்கள், அல்லது புதியவர் ஒருவரைக் கூட்டி வருவார்கள். எப்படியானாலும் பங்குகளின் எண்ணிக்கை கூடும், புதிதாகப் பணம் போடாத பழையவர் கையில் இருக்கும் பங்கின் எடை குறையும். கையில் இருக்கும் நல்ல பிரிவை விற்றும் பணம் பண்ணலாம். அதில் ஒரு சங்கடம் உண்டு. வாங்க ஆள் வரிசையில் நிற்பது லாபம் தரும் பிரிவுக்குத்தான். தாலியை அடகு வைத்துக் கடன் அடைப்பது போல, இன்றைய பாரம் குறையும், நாளைய வருமானமும் சேர்ந்து போகும்.

தலைவர்களை மாற்றுவது பத்திரிகைகளில் பெரிதாக வரும். அது அவசியம்தான். ஆனால் என் அனுபவத்தில், மேலே ஆள் மாறினால் மட்டும் கீழே எதுவும் மாறாது. போனஸ் கொடுக்கும் முறை மாறினால் மாறும். இந்த வருடம் லாபம் காட்டியவருக்கு இந்த வருடமே முழுப் போனஸ் என்றால், அந்த வியாபாரம் மூன்று வருடம் கழித்து வெடித்தாலும் அவருக்கு நட்டமில்லை. அதனால்தான் இப்போது பெரிய வங்கிகளில் போனஸின் ஒரு பகுதியைப் பல வருடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தப்பு தெரிந்தால் கொடுத்ததையும் திரும்ப வாங்க வழி வைத்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் கோல்ட்மன் சாக்ஸ் 1எம்டிபி விவகாரத்தில் அமெரிக்க அதிகாரிகளோடும் மற்ற நாடுகளோடும் சுமார் 2.9 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன் மலேசியக் கிளை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அப்போது முன்னாள், இந்நாள் நிர்வாகிகளிடமிருந்து 174 மில்லியன் டாலர் வரை பிடித்தம் செய்வதாகவும் வங்கி அறிவித்தது. அதற்கு முன், ஜூலையில், மலேசிய அரசாங்கத்தோடு செய்த உடன்பாட்டின்படி 2.5 பில்லியன் டாலர் ரொக்கமும், மீட்கப்படும் சொத்துக்களில் 1.4 பில்லியனுக்கு உத்தரவாதமும்.

கோல்ட்மன் இவ்வளவையும் தன் லாபத்திலிருந்தே தாங்கிக்கொண்டது. அதனால் அபராதத்தோடு முடிந்தது, வங்கியை உடைத்துக் கட்ட வேண்டிய நிலை வரவில்லை. எல்லா வங்கிக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதே 1எம்டிபி பணம் புழங்கிய பிஎஸ்ஐ என்ற சுவிஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தை அந்நாட்டு நாணய வாரியம் 2016 மே மாதம் மூடவே உத்தரவிட்டது.

கூட்டு பிடித்தவர்களுக்கு இது புரியும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஓர் உணவகமோ அச்சகமோ நொடித்துப் போனால், கதவைப் பாதி சாத்திவிட்டு மூன்று மாதம் வேலை பார்த்துச் சரிசெய்யலாம். வங்கியால் முடியாது. ஏன் என்று கேட்டால் நான் கூட்டு உதாரணத்தைத்தான் சொல்வேன்.

நம் அம்மாக்கள் காலத்தில் தோட்டத்திலும் லயத்திலும் கூட்டு பிடிக்காத வீடு கிடையாது. பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு மாதம் மொத்தமாக எடுப்பார்கள். அதில் ஏமாந்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால் 1971-இல் அரசாங்கம் அதைத் தடைசெய்து சட்டமே போட்டது. ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலும் ‘கூட்டு’ என்ற நம் சொல்லே நிற்கிறது. கூட்டு எப்போது கவிழும்? தலைவி பணத்தைச் செலவு செய்தபோது கவிழாது. “அந்தக்கா கையில இப்ப காசு இல்லையாம்” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்ன மறுநாள் கவிழும். பணம் உண்மையிலேயே பத்திரமாக இருந்தாலும்கூட, பத்துப் பேரும் ஒரே நாளில் கேட்டால் யாராலும் கொடுக்க முடியாது.

கிரெடிட் சுவிஸின் முடிவு இதுதான். ஸூரிக்கில் 1856-இல் சுவிஸ் ரயில் பாதைகளுக்குப் பணம் திரட்டத் தொடங்கிய வங்கி அது. 2019-இல் தன் நிர்வாகியையே ஆள் வைத்து உளவு பார்த்த விவகாரம் வெளியானது. 2021 மார்ச்சில், ஆர்கெகோஸ் அடி விழுந்த அதே மாதம், கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய 10 பில்லியன் டாலர் முதலீட்டு நிதிகள் முடங்கின. அதே வருடம் மொசாம்பிக் நாட்டுக்குக் கடன் ஏற்பாடு செய்த விவகாரத்தில் அபராதம். 2022 அக்டோபர் தொடக்கத்தில், வங்கி விழப்போகிறது என்ற வதந்தி சமூக ஊடகங்களில் பரவியது. அந்த மாதம் 27-ஆம் தேதிதான் சீரமைப்புத் திட்டம் வெளிவந்தது.

திட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. முதலீட்டு வங்கியைப் பிரித்து, சிஎஸ் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற பழைய பெயரில் தனியாக நிறுத்துவது. விட்டுவிட வேண்டியதைத் தனிப் பிரிவுக்கு மாற்றுவது. 4 பில்லியன் பிராங்க் புது மூலதனம், அதில் சவுதி நேஷனல் பேங்க் 9.9 விழுக்காட்டுப் பங்குக்கு வருவது. 52,000 ஊழியர்களை 2025 முடிவுக்குள் 43,000 ஆக்குவது. பாடப் புத்தகத்தில் இருக்கும் எல்லாம் இருந்தன.

ஆனால் திட்டம் மூன்று வருடத்துக்கு. வாடிக்கையாளர்களின் பொறுமை மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. 2022-இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 110.5 பில்லியன் பிராங்க் வெளியே போனது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வருட முடிவில் அதன் மூலதன விகிதம் (ஆபத்துக்கேற்ப எடை போட்ட சொத்துக்களோடு ஒப்பிட்ட சொந்தப் பணம்) 14.1 விழுக்காடு. கட்டுப்பாட்டாளர் கேட்கும் அளவுக்கு மேலேயே இருந்தது. கணக்குப் புத்தகம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றது, வாடிக்கையாளர் நம்பவில்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்ததும் சந்தை முழுக்கப் பயம். 15-ஆம் தேதி சவுதி நேஷனல் பேங்கின் தலைவரிடம் இன்னும் பணம் போடுவீர்களா என்று கேட்டார்கள். மாட்டோம் என்றார். 10 விழுக்காட்டைத் தாண்டினால் வரும் கட்டுப்பாடுகளைக் காரணமாகச் சொன்னார். காரணத்தை யாரும் காதில் வாங்கவில்லை. சுவிஸ் மத்திய வங்கி 50 பில்லியன் பிராங்க் வரை கடன் வசதி கொடுத்தும் நிற்கவில்லை. 19-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, யூபிஎஸ் அதை 3 பில்லியன் பிராங்குக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கிரெடிட் சுவிஸ் வெளியிட்டிருந்த 16 பில்லியன் பிராங்க் மதிப்புள்ள ஒரு வகைக் கடன் பத்திரம் ஒரே இரவில் பூஜ்யமானது. 167 வருடக் கதை ஒரு வாரக் கடைசியில் முடிந்தது.

அதே வேலையை நேரம் இருக்கும்போது செய்தவர்கள் பிழைத்தார்கள். அடோபோலி விவகாரத்துக்கு அடுத்த வருடம், 2012 அக்டோபர் 30-ஆம் தேதி, யூபிஎஸ் தன் பத்திர வியாபாரத்தின் பெரும்பகுதியைக் கைவிடுவதாக அறிவித்தது. 10,000 வேலைகள் போயின. பணக்காரர்களின் சொத்தை நிர்வகிப்பதே இனித் தன் தொழில் என்று முடிவு செய்தது. கசப்பான முடிவு. ஆனால் வாடிக்கையாளர்கள் ஓட்டம் பிடிக்காத நாளில் எடுத்த முடிவு. பதினோரு வருடம் கழித்து எதிர்க்கடையை வாங்கும் நிலையில் அது இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே சொல்வேன்.

டாய்ச் பேங்கும் அப்படித்தான். வட்டி விகித மோசடிக்கு 2015-இல் 2.5 பில்லியன் டாலர், அமெரிக்க வீட்டுக்கடன் பத்திர விவகாரத்தில் 2017 ஜனவரியில் 7.2 பில்லியன் டாலர் என்று அடிமேல் அடி வாங்கிய வங்கி. 2017-இலேயே 8 பில்லியன் யூரோ புது மூலதனம் திரட்டிவிட்டது. 2019 ஜூலை 7-ஆம் தேதிதான் பெரிய அறுவை சிகிச்சை. உலகம் முழுக்கப் பங்கு வியாபாரத்திலிருந்து விலகல், 18,000 வேலைக் குறைப்பு, ஆபத்துக்கேற்ப எடை போட்ட கணக்கில் 74 பில்லியன் யூரோ சொத்துக்கள் தனிப் பிரிவுக்கு. அந்த வருடம் 5 பில்லியன் யூரோவுக்கு மேல் நட்டம். இதையும் நினைவில் வையுங்கள், சீரமைப்பின் முதல் வருடம் பெரும்பாலும் நட்டமாகத்தான் தெரியும். இழப்பீடு, பழைய கணினி அமைப்புகளைத் தூக்குவது எல்லாம் முதலில் செலவாக வரும், சேமிப்பு பிறகுதான் வரும். அடுத்த வருடமே டாய்ச் சின்ன லாபத்துக்குத் திரும்பியது.

உடைத்துக் கட்டும்போது உள்ளே இருப்பவர்கள்

டாய்ச் அறிவித்தது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை உலகில் முதலில் விடிவது நம் பக்கம். சிட்னியிலும் ஹாங்காங்கிலும் இருந்தவர்கள்தான் முதலில் அறைக்குள் அழைக்கப்பட்டார்கள். தவறு எங்கேயோ நடந்திருக்கும், முடிவு வேறெங்கோ எடுத்திருப்பார்கள், மேசையைக் காலி செய்பவர் இந்தப் பக்கம் இருப்பார்.

நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் இன்றைக்கும் என் அப்பா வயதுக்காரர்களுக்கு நெஞ்சு கனக்கும். நிலத்துக்கு விலை இருந்தது. அதில் பால் மரம் சீவியவர்களுக்கும் அவர்கள் குடியிருந்த லயத்துக்கும் யாரும் விலை போடவில்லை. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கியது அதற்கான பதில்.

வங்கி ஊழியர்களுக்கு அப்படிச் சங்கமாகச் சேர்ந்து தங்கள் வங்கியை வாங்கிக்கொள்ளும் வழி கிடையாது. சட்டம் என்ன கொடுக்கிறது என்பதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். மேற்கு மலேசியாவில் ஆட்குறைப்பு செய்யும் முதலாளி 30 நாள் முன்பே பி.கே. பாரம் நிரப்பித் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வருடம் முடித்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் இந்த விதி உங்களைக் கட்டாயமாகக் காப்பதில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆகவே ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கு, வேலை போன 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை ஆறு மாதம் வரை கிடைக்கும், முதல் மாதம் காப்புறுதிக்குட்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு. என்னோடு வேலை போனவர்களில் இரண்டு பேர் இந்த 60 நாளைத் தவறவிட்டார்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் காரணம். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

“அப்ப நான் இருக்கறதா, போறதா?” என்று அண்ணன் மகள் கேட்டாள். அதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த மெயிலை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தோம். ஆறு பத்தி. முதல் மூன்றில் ‘பயணம்’, ‘எதிர்காலம்’ என்று நல்ல நல்ல சொற்கள். நான்காவது பத்தியில்தான் அவள் பிரிவின் பெயர் வருகிறது. அவர்கள் சரிபார்க்கும் டிரேடுகளில் ஒரு பகுதி ‘நான்-கோர்’ பக்கம் போகிறது.

அவள் முகம் வாடிவிட்டது. நான் உண்மையைத்தான் சொன்னேன். நான்-கோர் பக்கம் போனால் உடனே வேலை போகும் என்று அர்த்தமில்லை. கெட்ட சரக்கைக் கரைக்கவும் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும், அதுவும் பழைய டிரேடுகளை அடையாளம் தெரிந்த ஆள். பேட் பேங்கில் கடைசிவரை இருந்து, முடிக்கும்போது தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலைக்கு முடிவுத் தேதி உண்டு. அது எந்தத் தேதி என்று கேட்க வேண்டும்.

புதன்கிழமை அவர்களுக்கு டவுன்ஹால் கூட்டம். எழுந்து நின்று கேட்க மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் பிரிவில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போகிறோம்? நான்-கோர் பக்கத்தை எந்த வருடத்துக்குள் முடிக்கத் திட்டம்? ஒரு கணக்கு பொருந்தவில்லை என்று நாங்கள் எழுதினால், இனிமேல் அதை யார் படிப்பார்கள், எத்தனை நாளில் பதில் வரும்?

மூன்றாவதை அவளே சேர்த்தாள்.